ரெக்ஸ் பெகோனியா: இலை கொட்டுனாலும் தொட்டியத் தூக்கிப் போடாதீங்க

மலேசியால குளிரடிக்கற கேமரன் மலைக்குப் போயிட்டு வர்றவங்க கார்ல ஸ்ட்ராபெரி, சோளம், முட்டைக்கோஸ் இதோட ஒரு பெகோனியா தொட்டியும் கண்டிப்பா இருக்கும், அந்த வெள்ளியும் ஊதாவும் கலந்த இலையப் பார்த்துட்டு வாங்காம வர மனசு வராது. கீழ வந்து ரெண்டு வாரம் நல்லாதான் இருக்கும், மூணாவது வாரம் இலை ஓரம் காய ஆரம்பிக்கும், அப்புறம் காம்பு கொழகொழன்னு ஆகி ஒவ்வொண்ணா விழும், கடைசில மொட்டைத் தொட்டி. "அது குளிர் செடி, நம்ம ஊர்ல வராது"ன்னு சொல்லிட்டு குப்பைல போட்டுருவாங்க. நான் இருக்கறது கீழ பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட், சுத்திலும் செம்பனை, அங்கங்க மிச்சம் இருக்கற ரப்பர், மத்தியானம் 33, 34 டிகிரி வெயில். இங்கயே அஞ்சடில, அதான் வீட்டு முன்னாடி கூரை போட்ட நடைபாதைல, வெச்சு வளர்த்துட்டு வர்றேன், அதனால வராதுன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்காக முதல்லருந்து எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல இது என்ன செடின்னு தெரிஞ்சுக்கணும். பூவுக்காக வளர்க்கற பெகோனியா வேற, இது இலைக்காகவே வளர்க்கறது. காட்டுல இருந்த மூலச்செடி அஸ்ஸாம் பக்கத்து மலைக்காட்டுலருந்து ஐரோப்பாவுக்குப் போச்சு, 1857ல புட்சேஸ்ங்கற பெல்ஜியக்காரர் அதுக்கு பெகோனியா ரெக்ஸ்னு பேர் வெச்சாரு, ரெக்ஸ்னா லத்தீன்ல ராஜா. இன்னிக்கு கடைல கிடைக்கறது அனேகமா எல்லாமே அதை மத்த பெகோனியாவோட கலந்து கலந்து உண்டாக்கின கலப்பு ரகம். நத்தை ஓடு மாதிரி சுருண்டு வர்ற இலைக்கு எஸ்கார்கோன்னு பேரு, அதைத்தான் எல்லாரும் தேடுவாங்க. இப்ப முக்கியமான விஷயம்: இது பெரிய மரத்து நிழல்ல, மக்கின இலைக்கு மேல, தண்ணி நிக்காத சரிவுல வளர்ந்த சாதி. வேர் ஆழமா போகாது. மண்ணுக்கு மேலயே இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு படுத்துக்கிட்டு நகர்ந்து போகும், இலை எல்லாம் அதுலருந்துதான் கிளம்பும். அந்தக் கிழங்குதான் செடி. இலை வரும் போகும், கிழங்கு கெட்டியா இருக்கற வரைக்கும் செடிக்கு உயிர் இருக்கு.

நம்ம நாட்டுலயும் காட்டு பெகோனியா நிறைய இருக்கு, தீபகற்பத்துல மட்டுமே 50 வகைக்கு மேல. ஈப்போ பக்கத்து சுண்ணாம்புக் குன்றுல கூட பாறை இடுக்குல பார்க்கலாம். தயவு செஞ்சு அதைப் பிடுங்கிட்டு வராதீங்க, சில வகை ஒரே ஒரு குன்றுல மட்டும்தான் இருக்கு, அங்க போச்சுன்னா உலகத்துலயே போச்சு.

சரி வாங்கறதுக்கு வருவோம். மலைல வாங்கறத விட கீழ இருக்கற நர்சரில, இல்லன்னா பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தைல, செடி விக்கறவங்ககிட்ட வாங்கறது நல்லது, ஏன்னா அது ஏற்கெனவே சில மாசம் இந்தச் சூட்டுல இருந்து பழகியிருக்கும். வாங்கும்போது இலைய மட்டும் பார்க்காதீங்க, இலைய ஒதுக்கிட்டு நடுவுல கிழங்க விரலால மெதுவா அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருக்கணும், அமுங்குச்சுன்னா வெச்சுட்டு வந்துருங்க. இலை அடில, காம்பு சேர்ற இடத்துல வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா அது மாவுப்பூச்சி, அந்தத் தொட்டி மட்டும் இல்ல பக்கத்துத் தொட்டியும் வேணாம். பெரிய செடியா பார்த்து வாங்க ஆசை வரும், நான் சொல்றது சின்னதா வாங்குங்க, நாலஞ்சு இலை இருக்கற செடிதான் புது இடத்துக்குச் சீக்கிரம் பழகும். முதல் தடவையா பெகோனியாவே வளர்க்கறீங்கன்னா ரெக்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஏஞ்சல் விங் வளர்த்துப் பாருங்க, புள்ளி புள்ளியா நீட்டு இலையோட குச்சி மாதிரி வளருமே அதுதான், நம்ம சூட்டுக்கு அது ரொம்ப தோது. இன்னொண்ணு அயர்ன் கிராஸ், பச்சை இலைல நடுவுல பழுப்புச் சிலுவை போட்ட மாதிரி இருக்கும். மேசன்னு ஒரு ஆங்கிலேயர் 1952ல அத சிங்கப்பூர்லருந்துதான் இங்கிலாந்துக்குக் கொண்டு போனாரு, சொந்த ஊரு சீனா வியட்நாம் பக்கம். என்கிட்ட இருக்கற ரெக்ஸ் எல்லாத்தையும் விட அது சூட்ட நல்லா தாங்குது.

மலைலதான் வாங்குவேன்னு சொன்னா அதுக்கும் வழி இருக்கு. கார் பின்னாடி சாமான் வைக்கற பூட்ல போடாதீங்க, சிம்பாங் பூலாய் ரோட்டுல இறங்கி வந்து ஈப்போல சாப்பிட நிறுத்தினா அந்த ஒரு மணி நேரத்துல அதுக்குள்ள செடி வெந்துரும். உள்ள ஏர்கான்ல வெச்சு கொண்டு வாங்க. வீட்டுக்கு வந்ததும் உடனே தொட்டி மாத்தாதீங்க, இதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஒரு பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைய மேல கவுத்து, வாய்ப்பக்கம் கொஞ்சம் திறந்து விட்டு, வீட்டுக்குள்ள வெளிச்சமான நிழல்ல ஒரு வாரம் வைங்க, அப்புறம் ஒவ்வொரு நாளும் பைய இன்னும் கொஞ்சம் தூக்குங்க, 2 வாரத்துல முழுசா எடுத்துருங்க. ரெண்டு மூணு இலை விழும். விழட்டும், மலைல வளர்ந்த இலை கீழ உள்ள சூட்டுக்கு ஏத்தது இல்ல, இங்க வந்து புதுசா விடற இலைதான் நிக்கும், முன்ன விட சின்னதா இருந்தாலும் கெட்டியா இருக்கும்.

எடம். நேர் வெயில் ஆகவே ஆகாது, காலைல 8 மணிக்கு முன்னாடி வர்ற இளவெயில் பரவால்ல, அதுக்கு மேல இலை கருகிரும். அதுக்குன்னு இருட்டு மூலைல வெச்சா கலர் மங்கி காம்பு நீண்டு சாஞ்சுரும். புத்தகம் படிக்க லைட் போட வேணாம், ஆனா கை நிழல் லேசாதான் விழுது, அந்த அளவு வெளிச்சம் சரி. எங்க வீட்டுல கிழக்குப் பார்த்த அஞ்சடி, அதுக்கு முன்னாடி கறுப்பு நெட் கட்டி விட்டிருக்கேன், நர்சரில 70 சதவீத நிழல் நெட்னு கேட்டா தருவாங்க. காத்து லேசா போய் வரணும், அடைச்ச இடத்துல வெச்சா பூஞ்சை வந்துரும். ஜிங்க் தகரக் கூரைக்கு நேர் கீழ உசரமா தொங்க விடாதீங்க, மத்தியானம் அந்த எடம் அடுப்பு மாதிரி இருக்கும், தரைக்குப் பக்கத்துல ஒரு பலகை போட்டு வைக்கறதுதான் குளிர்ச்சி. ஆனா தரைல நேரா வேணாம், நத்தை வரும், ஒரே ராத்திரில கிழங்கையே கடிச்சு வெச்சுரும்.

தொட்டி மண்ணு விஷயத்துலதான் பாதி செடி சாகுது. வேர் ஆழம் போகாதுன்னு சொன்னேன்ல, அதனால அகலமான ஆழம் கம்மியான தொட்டி வேணும். செடி சின்னதா இருக்கும்போதே பெரிய தொட்டில வெச்சா வேர் போகாத மண்ணு முழுக்க ஈரமா நின்னு அழுகல் புடிக்கும், இப்ப இருக்கற வேர விட ஒரு இன்ச்சு அகலம் கூட இருந்தா போதும். நம்ம ஊருக்கு மண் தொட்டி ரொம்ப நல்லது, ஓட்டு வழியா ஈரம் ஆவியாகும்போது வேர்ப்பக்கம் குளிர்ச்சியா இருக்கும், அதிகப்படியா ஊத்தின தண்ணியும் சீக்கிரம் போயிரும். மண்ணுக்கு நான் போடறது கோக்கோபீட் (தேங்கா நார்த் தூள்) ரெண்டு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் பொரி) ஒரு பங்கு, எரிச்ச உமி ஒரு பங்கு, மக்கின இலை கொஞ்சம். கோக்கோபீட்ட முதல்ல ரெண்டு மூணு தடவை நல்லா அலசுங்க, உப்பு இருக்கும். கடைல பைல விக்கற கறுப்பு மண்ண அப்படியே போட்டுறாதீங்க, ரெண்டு மழைல களிமண் மாதிரி இறுகிரும். தோட்டத்து மண்ணும் வேணாம். கிழங்க மண்ணுக்குள்ள புதைக்காதீங்க, பாதி மேல தெரியற மாதிரி படுக்க வைங்க, அது எந்தப் பக்கம் நகருதோ அந்தப் பக்கம் இடம் விட்டு ஓரமா வெச்சா இன்னும் நல்லது.

இப்ப தண்ணி. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்னு கணக்கே இல்ல. நம்ம வீடுகள்ல காலைல எழுந்ததும் பைப்ப புடிச்சு எல்லா செடிக்கும் ஊத்தறது பழக்கம், செம்பருத்திக்கு, கருவேப்பிலைக்கு அது ஓகே, ரெக்ஸுக்கு அது எமன். விரல மண்ணுக்குள்ள அரை இன்ச்சு விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. தொட்டியத் தூக்கிப் பார்க்கற பழக்கம் வந்துட்டா விரல் கூட தேவை இல்ல, லேசா இருந்தா தாகம், கனமா இருந்தா விட்டுருங்க. காலைல ஊத்துங்க, மண்ணோட ஓரத்துல ஊத்துங்க, கிழங்கு மேலயும் இலை மேலயும் வேணாம், அடில வழியற வரைக்கும் ஊத்திட்டு தட்டுல நிக்கறத கொட்டிருங்க. இலைக்கு ஸ்பிரே அடிக்கவே அடிக்காதீங்க, ஈரம் நின்ன எடத்துல புள்ளி விழுந்து அழுகும்.

மத்தியானம் இலை தொங்கிப் போயிருக்கும், பார்த்தா பாவமா இருக்கும், உடனே ஒரு சொம்பு தண்ணி ஊத்தத் தோணும். பொறுங்க. மண்ணத் தொட்டுப் பாருங்க. மண்ணு ஈரமா இருந்து இலை மத்தியானம் மட்டும் தொங்கி சாயங்காலம் நிமிர்ந்துருச்சுன்னா அது வெறும் சூடு, ஒண்ணும் பண்ண வேணாம். மண்ணு காஞ்சிருந்தா தாகம், ஊத்துங்க. மண்ணு ஈரமா இருந்தும் காலைலயே தொங்கிப் போயிருந்தா வேர் அழுகிருச்சு, அப்ப ஊத்தற ஒவ்வொரு சொம்பும் அத இன்னும் சாகடிக்கும். நான் முதல் வருஷம் இழந்த செடியெல்லாம் இந்த மூணாவது கேஸ்தான், வாடுதேன்னு ஊத்தி ஊத்தி கொன்னேன், இப்ப நினைச்சாலும் கஷ்டமா இருக்கு.

இன்னொரு விஷயம், வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு தட்டுல கூழாங்கல் போட்டு தண்ணி நிரப்பி அதுக்கு மேல தொட்டிய வைக்கறாங்க. அது காத்துல ஈரம் இல்லாத ஊருக்குச் சொன்னது. நம்ம ஊர்ல ராத்திரி காத்து ஈரமா சொதசொதன்னு இருக்கு, அது தேவையே இல்ல. அதுக்கும் மேல அந்தத் தட்டுத் தண்ணில ஏடிஸ் கொசு முட்டை போடும், முட்டைலருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். சுகாதார இலாகா ஆளுங்க வந்து பார்த்து புழு இருந்தா 1975ம் வருஷச் சட்டத்துல கம்பவுண்ட், அதான் அபராதம், எழுதிருவாங்க. காச விடுங்க, எங்க வரிசைல ஒரே மாசத்துல 3 வீட்டுல டெங்கி வந்தத நேர்ல பார்த்தவ நான். அந்தக் கூழாங்கல் தட்டு வேணாம்.

நமக்குப் பனி இல்ல, ஆனா கஷ்ட காலம் ரெண்டு இருக்கு. பேராக் பக்கம் ஜனவரி பிப்ரவரி, அப்புறம் ஜூன் ஜூலை காஞ்சு கிடக்கும், ஏப்ரல்லயும் அக்டோபர் நவம்பர்லயும் மழை கொட்டும். சுட்டெரிக்கற மாசத்துல செடிகிட்டருந்து வளர்ச்சி எதிர்பார்க்காதீங்க, உயிரோட கடத்துனா போதும். உரம் நிறுத்துங்க, தொட்டி மாத்தாதீங்க, பழைய பெரிய இலைல ரெண்டு மூணு கழிச்சு விட்டா அது உறிஞ்சற தண்ணி குறையும். மத்தியானம் சிமெண்டுத் தரைல தண்ணி தெளிச்சு விடுங்க, அது ஆவியாகும்போது சுத்தி குளிர்ச்சி வரும். முடிஞ்சா வீட்டுக்குள்ள நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம், இல்லன்னா வெளிச்சம் வர்ற குளிக்கற ரூம்ல வைங்க, காத்தாடி சுத்தற ரூம்னா நேரா காத்து அடிக்காம தள்ளி. 2016 எல் நீனோ வெயில்ல என்னோட ஒரு செடி எல்லா இலையும் கொட்டிருச்சு, கிழங்கு மட்டும் கல்லு மாதிரி இருந்துச்சு, குளிக்கற ரூம் ஜன்னல்ல வெச்சு வாரம் ஒரு தடவ ரெண்டு ஸ்பூன் தண்ணி மட்டும் விட்டேன், மழை வந்து சூடு தணிஞ்சதும் சிவப்பா ஒரு முளை. அந்தச் செடியோட பிள்ளைங்க இப்பவும் அஞ்சடில இருக்கு.

மழை மாசத்துல கூரைக்குக் கீழ கொண்டு வந்துருங்க, சாரல் கூட படக்கூடாது. சில நேரம் 5 நாள் வரைக்கும் தண்ணியே தேவைப்படாது. தொட்டிய நெருக்கி வைக்காம இலைக்கு இலை இடிக்காத மாதிரி வைங்க, விழுந்த இலைய அன்னன்னைக்கே பொறுக்குங்க, பூஞ்சை அங்கதான் ஆரம்பிக்கும்.

உரம் சுருக்கமா சொல்லிடறேன். தண்ணில கரையற 20-20-20 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சம அளவு) வாங்கி, பாக்கெட்ல சொன்ன அளவுல கால்வாசி மட்டும் கலக்கி, 2 வாரத்துக்கு ஒரு தடவ, மண்ணு ஏற்கெனவே ஈரமா இருக்கும்போது. வீட்டுல செம்பனைக்குப் போடற குண்டு உரம் மூட்டைல மிச்சம் இருக்கும், ரெண்டு உருண்டை போட்டா என்னன்னு தோணும், போட்டுறாதீங்க, வேர் எரிஞ்சுரும். ரோஸ் கலர்ல சின்னச் சின்னதா பூ வந்தா கிள்ளிருங்க, அந்தச் சத்து இலைக்குப் போகட்டும்.

மாவுப்பூச்சி வந்தா அந்தத் தொட்டிய முதல்ல தனியா பிரிங்க, காது குடையற பஞ்சுக் குச்சிய ஃபார்மசில கிடைக்கற ஆல்கஹால்ல நனைச்சு ஒவ்வொண்ணா தொட்டு எடுங்க, 5 நாளைக்கு ஒரு தடவ திரும்பப் பாருங்க. காம்பு அடில கறுப்பா கொழகொழன்னு ஆச்சுன்னா தொட்டிலருந்து எடுத்து, கத்திய ஆல்கஹால்ல துடைச்சு, கிழங்குல நல்ல கெட்டியான வெளிர் பச்சை சதை தெரியற வரைக்கும் வெட்டி எறிஞ்சுட்டு, ஒரு நாள் நிழல்ல காய விட்டு, லேசான ஈரத்துல இருக்கற ஆத்து மணல் மேல படுக்க வைங்க. பாதி பொழைக்கும். பூனை நாய் வளர்க்கறவங்க எட்டாத எடத்துல வைங்க, இந்தச் செடில ஆக்சலேட் இருக்கு, கடிச்சா வாய் எரிஞ்சு வாந்தி எடுக்கும், கிழங்குலதான் ரொம்ப அதிகம்.

குளிர் நாட்டுல பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க இருக்கறவங்க இதையும் படிச்சு அவங்களுக்கு அனுப்புங்க. என் தங்கச்சி இங்கிலாந்துல லீட்ஸ்ல நர்ஸா இருக்கா, அங்க ஒரு கடைல ரெக்ஸ் வாங்கி வளர்த்தா. டிசம்பர்ல ஒரு நாள் போன்ல அழற மாதிரி, "அக்கா, எல்லா இலையும் கொட்டிருச்சுக்கா, தூக்கிப் போட்டுறவா?" "போடாதடி, கிழங்க அமுக்கிப் பாரு." "கெட்டியாதான் இருக்கு." "அப்ப தூங்குது, விட்டுரு."

விஷயம் என்னன்னா நமக்கு வருஷம் முழுக்க பகல் 12 மணி நேரத்த ஒட்டியே இருக்கும், லீட்ஸ்ல டிசம்பர்ல பகலே ஏழரை மணி நேரம்தான், வெளிச்சமும் சூடும் குறைஞ்சா ரெக்ஸ் தூங்கப் போயிரும், அது வியாதி இல்ல. அங்க செய்ய வேண்டியது இதுதான்: வெளில வெச்சிருந்தா செப்டம்பர்ல, ராத்திரி 12 டிகிரிக்குக் கீழ போறதுக்கு முன்னாடியே உள்ள கொண்டு வரணும், கொண்டு வரும்போது இலை அடில பூச்சி பார்க்கணும். ஹீட்டர் பக்கத்துல வைக்கக் கூடாது, அந்தக் காத்து காஞ்சு போய் இருக்கும், ராத்திரி ஜன்னல் கண்ணாடிய இலை தொடக்கூடாது, கண்ணாடி ஐஸ் மாதிரி ஆகிரும். ரூம் 16 டிகிரிக்குக் கீழ போகாம இருந்தா நல்லது. அங்கதான் அந்தக் கூழாங்கல் தட்டு உதவும், தண்ணி தொட்டி அடியத் தொடாத மாதிரி. அக்டோபர்லருந்து உரம் கிடையாது, தண்ணி நல்லா குறைக்கணும். ஒரு எல்.ஈ.டி. வளர்ப்பு லைட்ட டைமர் போட்டு 12, 14 மணி நேரம் எரிய விட்டா தூங்காமலே கூட இலையோட இருக்கும். இலை எல்லாம் கொட்டிட்டா காம்ப சுத்தமா எடுத்துட்டு, கிழங்கு சுருங்காத அளவுக்கு மட்டும் எப்பவாவது கொஞ்சூண்டு தண்ணி, மண்ணு நனையக் கூடாது. தங்கச்சிக்கு மார்ச் கடைசில முளை வந்துச்சு, போட்டோ அனுப்பினா. மெல்பர்ன்ல இருக்கறவங்களுக்கு இதே கதைதான், மாசம் மட்டும் மாறும், ஜூன் ஜூலை ஆகஸ்ட்.

கடைசியா இலைல நாத்து போடறது, இத கண்டிப்பா கத்துக்கங்க, ஒரு செடிய மட்டும் நம்பி இருக்காதீங்க. ரொம்ப முத்தாத ரொம்ப இளசாவும் இல்லாத ஒரு இலைய எடுங்க, பின்பக்கம் திருப்பினா தடிச்ச நரம்பு விரல் விரிச்ச மாதிரி ஓடும், ஒவ்வொரு துண்டுலயும் ஒரு தடிச்ச நரம்பு வர்ற மாதிரி முக்கோணமா வெட்டுங்க, காம்புப் பக்கம் கூர் முனை. அந்த முனைய ஈரக் கோக்கோபீட்டும் பெர்லைட்டும் கலந்ததுல அரை இன்ச்சு சொருகுங்க. ஐஸ்கிரீம் டப்பா, கேக் வர்ற தெளிவான மூடி டப்பா எதுவும் போதும், நான் எங்கம்மா ரப்பர் பால் வெட்டப் போன காலத்து பழைய மங்குல, அதான் பால் புடிக்கற கிண்ணத்துல, போட்டு தெளிவான பிளாஸ்டிக் கப்பு கவுத்து வைப்பேன், அதுல ஓட்டை இல்ல, அதனால தண்ணி சொட்டுச் சொட்டாதான் விடணும். நிழல்ல வெச்சு தினமும் 5 நிமிஷம் திறந்து மூடுங்க, அழுகின துண்ட உடனே எடுத்துருங்க. 3, 4 வாரத்துல வேர் வரும், 2 மாசத்துல நரம்பு வெட்டின எடத்துல பட்டாணி அளவுல குட்டி இலை. விதைலருந்து வந்தா தாய் மாதிரி இருக்காது, இலைல போட்டது அச்சா தாய் மாதிரியே வரும். குட்டிக்கு 3 இலை வந்ததும் ஒவ்வொண்ணா பிரிச்சு 2 இன்ச்சு தொட்டிக்கு மாத்துங்க, அதுல ஒண்ண பக்கத்து வீட்டுக்குக் குடுத்து வைங்க, உங்களுது போனா அங்கருந்து ஒரு இலை கேட்டு வாங்கிக்கலாம்.